ஆள் இல்லாத நேரத்துக்கான பதினான்கு விதிகள்

நூலகத்துக்குள் ஈரக் காலணியோடு வரக் கூடாது என்று எங்கள் ஊரில் முதன்முதலில் எழுதி ஒட்டியவள் நான்தான். பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு, கம்பளிக் காலுறையோடோ வீட்டுச் செருப்போடோ உள்ளே வர வேண்டும். முதலில் ஊரே முகத்தைச் சுளித்தது. இரண்டு குளிர்காலம் போனதும் பழகிவிட்டார்கள். இப்போது யாராவது பூட்ஸோடு நுழைந்தால் மற்றவர்களே முறைக்கிறார்கள். நல்ல விதிக்கு அதுதான் அடையாளம். எழுதியவள் போன பிறகும் அது நிற்க வேண்டும்.

என் பெயர் ஹில்க்கா வர்த்தியாய்னென். வயது அறுபத்தெட்டு. குயிக்கவாரா நூலகத்தில் முப்பத்தோரு வருஷம் நூலகராக இருந்தேன். காப்பி வேண்டாம், நன்றி, பேருந்து நிலையத்திலேயே குடித்துவிட்டேன். யாரும் கூப்பிட்டு நான் வரவில்லை. பத்திரிகையில் வந்த ஒரு பிழையைத் திருத்த வந்திருக்கிறேன்.

'நூலகத்தின் பின்கதவு காற்றில் சாத்திக்கொண்டதால்' என்று போட்டிருந்தார்கள். உங்கள் காவல் துறை சொன்னதாகவும் போட்டிருந்தார்கள். அன்று காலை ஒன்பது மணிக்கு மைனஸ் முப்பத்தொன்று. அந்தக் குளிரில் எங்கள் பக்கம் காற்று அசையாது, புகைபோக்கியிலிருந்து புகை நேராக மேலே போகும். இங்கே பிறந்த குழந்தைக்குக்கூட இது தெரியும். நீங்கள் தெற்கிலிருந்து வேலைக்கு வந்தவர் போலிருக்கிறது, பரவாயில்லை. அந்தக் கதவு காற்றில் சாத்திக்கொள்ளவில்லை. அதில் பழுது எதுவும் கிடையாது. இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், எங்கள் நூலகத்துக்கு இனி முழுநேர ஆள் தேவையில்லை என்று ஊராட்சி முடிவெடுத்தது. நாடு முழுக்க அப்படித்தான் செய்கிறார்கள் என்றார்கள். காலை ஏழிலிருந்து இரவு ஒன்பது வரை நூலகம் திறந்திருக்கும், ஆனால் உள்ளே ஆள் இருக்காது. வாசலில் ஒரு கருவி. நூலக அட்டையைக் காட்டி நான்கு இலக்க எண்ணை அழுத்தினால் கதவு திறக்கும். புத்தகத்தை நீங்களே இயந்திரத்தில் பதிந்து எடுத்துப் போகலாம், நீங்களே திருப்பித் தரலாம். வியாழக்கிழமை மதியம் மட்டும் ஒரு பெண் பக்கத்து ஊரிலிருந்து காரில் வந்து மூன்று மணிநேரம் இருந்துவிட்டுப் போவாள். எனக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள்.

கலாச்சாரப் பிரிவு மேலாளர் ஏலக்காய் பன்னோடு வந்தார். "ஹில்க்கா, அந்த லைப்ரரிய உங்களவிட யாருக்குத் தெரியும்? ஆள் இல்லாத நேரத்துல ஜனங்க எப்படி நடந்துக்கணும்னு நீங்களே விதி எழுதிக் குடுத்துட்டுப் போங்களேன்" என்றார். என் நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டு, அது காலியாக இருக்கும்போது என்ன செய்ய வேண்டும் என்று என்னையே எழுதச் சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சரி என்றேன். மறுநாளிலிருந்து எழுத உட்கார்ந்தேன்.

ஆறு வாரம் எடுத்துக்கொண்டேன். மொத்தம் பதினான்கு விதி. ஒவ்வொருவரும் தன் அட்டையிலேயே, தன் எண்ணிலேயே உள்ளே வர வேண்டும், ஒருவர் அட்டையில் இன்னொருவர் ஒட்டிக்கொண்டு நுழையக் கூடாது. பதினைந்து வயதுக்குக் கீழ் என்றால் பெரியவர் துணை வேண்டும். தொலைபேசி வந்தால் முன்கூடத்துக்குப் போய்ப் பேச வேண்டும். எடுத்த புத்தகத்தை நீங்களே அலமாரியில் செருகாதீர்கள், தள்ளுவண்டியில் வையுங்கள், ஏனென்றால் இடம் மாறிய புத்தகமும் தொலைந்த புத்தகமும் ஒன்றுதான். பதினோராவது விதி: பின்கதவு அவசரத்துக்கு மட்டும், அதைத் திறந்து முட்டுக் கொடுத்து நிறுத்தக் கூடாது.

ஊராட்சியில் அதை ஆறாகக் குறைத்து அச்சடித்தார்கள். ஆறுக்கும் பக்கத்தில் ஒரு சிரிக்கும் உருண்டை முகம். பதினோராவது விதி அதில் இல்லை. வாசலில் ஒட்டியிருக்கும் தாளில் அது இல்லை என்று நீங்கள் எடுத்துக் காட்டுவீர்கள், எனக்குத் தெரியும். அச்சில் இல்லை என்றால் விதி இல்லை என்று ஆகிவிடாது. என் பதினான்கையும் கையால் எழுதி, படிக்கும் அறை ஜன்னலோரச் சுவரில் நானே ஒட்டினேன். யாரும் கிழிக்கவில்லை. யாரும் படிக்கவும் இல்லை.

ஓய்வுக்குப் பிறகும் தினம் காலையில் போனேன். என் அட்டை, என் எண். ஜன்னல் பக்க மேசையில் உட்கார்ந்து பத்திரிகை படிப்பேன். அதற்கு எல்லோருக்கும் உரிமை இருக்கிறது.

இனி உர்ஹோவைப் பற்றிச் சொல்கிறேன். உர்ஹோ கெம்ப்பைனெனுக்கு எழுபது வயது. முப்பது வருஷம் எங்கள் ஊராட்சிக்குப் பனி தள்ளும் வண்டி ஓட்டினான். மனைவி போய் இரண்டு வருஷம். போன வசந்தத்தில் இதயத்தில் அறுவை சிகிச்சை நடந்தது, அது ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும். வேலையில் இருந்த காலத்தில் நூலகப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவன். நான் அந்த மேசையில் இருந்த முப்பத்தோரு வருஷத்தில் நான்கே நான்கு புத்தகம் எடுத்தான், நான்கும் வண்டி எஞ்சின் பற்றியவை. ஆள் இல்லாத நேரம் வந்ததும் தினமும் ஏழு மணிக்கு முதல் ஆளாக வாசலில் நிற்க ஆரம்பித்தான்.

கதவைத் திறந்ததும் உள்ளே போக மாட்டான். ஒரு காலைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து நின்றுகொள்வான். எதிரே பேருந்து நிறுத்தம். அங்கே நிற்கிறவர்களையெல்லாம் கூப்பிடுவான்.

"உள்ள வாங்கப்பா, அங்க நின்னு விறைச்சுப் போகணும்னு வேண்டுதலா? புத்தகம் ஒண்ணும் கடிக்காது."

எல்லோரும் அவன் அட்டையிலேயே நுழைவார்கள். அட்டையே இல்லாதவர்கள். பண்ணை வேலைக்குப் போகும் அண்ணன் தம்பி இரண்டு பேர், பள்ளியை விட்ட பிறகு எழுத்தையே தொடாதவர்கள். உக்ரைனிலிருந்து வந்த லெஸ்யா என்ற பெண், அடையாளக் காகிதம் இன்னும் வரவில்லை என்பதால் அட்டை கிடையாது. இரண்டு குழந்தைகளோடு தினம் வருவாள்.

நான் ஒருமுறை நல்லபடியாகவே சொன்னேன். "உர்ஹோ, அவங்கவங்க அட்டையிலதான் வரணும். உள்ள ஏதாவது ஆச்சுன்னா பொறுப்பு உன் தலையிலதான் விடியும்."

"என் தலையில முடியே இல்ல ஹில்க்கா. பொறுப்பாவது இருந்துட்டுப் போகட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். லெஸ்யாவுக்குப் பாதிதான் புரிந்திருக்கும், அவளும் சிரித்தாள்.

அதோடு விடவில்லை. வீட்டிலிருந்து காப்பி இயந்திரத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். இரவல் கொடுக்கும் மேசை, முப்பத்தோரு வருஷம் நான் ஒரு தண்ணீர் டம்ளர்கூட வைக்காத மேசை. என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கோப்பைகளை நீட்டுவான். ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகளோடு தொலைபேசியில் ஸ்பீக்கர் போட்டுப் பேசுவான், சுற்றி இருக்கிறவர்களும் அவளுக்கு வணக்கம் சொல்வார்கள். திரும்பி வந்த புத்தகங்களைத் தள்ளுவண்டியில் விடாமல் அவனே அலமாரியில் அடுக்குவான், அதுவும் உயரம் பார்த்து. "ஹில்க்கா, பாரு, இப்பதான் பார்க்க லட்சணமா இருக்கு. முன்னாடி பல் போன வாய் மாதிரி இருந்துச்சு."

எனக்குக் கோபம் வந்தது. அதை நான் மறைக்கப் போவதில்லை. கோபம் வந்தால் கத்துகிறவள் இல்லை நான். எழுதிவைத்தேன். பதினான்கு மாதத்தில் நானூற்றுப் பன்னிரண்டு விதிமீறல், தேதியும் நேரமும் பெயரும் போட்டு. மூன்று தடவை பிரதி எடுத்து ஊராட்சிக்கு அனுப்பினேன். மூன்றாவதற்குத்தான் பதில் வந்தது. 'அன்புள்ள ஹில்க்கா, உங்கள் கருத்துக்கு மிக்க நன்றி. நம் நூலகம் இப்போது இவ்வளவு உயிரோடு இருப்பதைக் கேட்க மகிழ்ச்சியாக இருக்கிறது.'

இப்போது உயிரோடு இருக்கிறதாம். அப்படியானால் முப்பத்தோரு வருஷம் அது என்ன பிணமாகவா கிடந்தது. அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு அன்று முழுக்கச் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். என் காலத்தில் ஒரு நாளைக்குச் சராசரி பதினெட்டுப் பேர் வருவார்கள். இப்போது ஒட்டிக்கொண்டு நுழைகிறவர்களையும் சேர்த்தால் நாற்பத்தைந்து. இயந்திரத்துக்கு அது தெரியாது, அட்டையை மட்டும்தான் அது எண்ணும். தலையை எண்ணியவள் நான். நடந்ததற்கும் இந்தக் கணக்குக்கும் சம்பந்தம் இல்லை, ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன்.

பின்கதவுக்கு வருகிறேன். நூலகம் இருப்பது பழைய பள்ளிக்கூடத்தில். பின்பக்கம் ஒரு சின்ன முற்றம். ஒரு புறம் எங்கள் கட்டடம், ஒரு புறம் பழைய விறகுக் கொட்டகை, மற்ற இரண்டு புறமும் குளிர்காலத்தில் பனிச்சுவர். இப்போது வண்டி ஓட்டுகிறவன் முன்வாசல் பனியைத் தள்ளிக்கொண்டுபோய் இரண்டு மூலையிலும் குவிக்கிறான், நெஞ்சு உயரத்துக்கு. அவசரக் கதவுக்கு வெளியே வழி அடைபடக் கூடாது என்பது தீயணைப்பு விதி. அதையும் நான் எழுதி அனுப்பியிருக்கிறேன். உர்ஹோவும் அதைப் பார்த்துத் திட்டுவான். "என் காலத்துல இப்படி ஒருத்தன் பனிய குமிச்சிருந்தா, மண்வெட்டியக் கையில குடுத்து அவனையே அள்ள வெச்சிருப்பேன்" என்பான். அதில் மட்டும் நாங்கள் இரண்டு பேரும் ஒரே கட்சி.

அந்தக் கதவு உள்ளேயிருந்துதான் திறக்கும். வெளியே கைப்பிடி கிடையாது. விட்டால் தானே சாத்திப் பூட்டிக்கொள்ளும். உர்ஹோ முற்றத்தில், படிக்கும் அறை ஜன்னலுக்கு நேராக, குருவிகளுக்குத் தீனிப் பெட்டி ஒன்று தொங்கவிட்டிருந்தான். தினம் ஒன்பது மணிக்கு ஒரு டப்பா சூரியகாந்தி விதையை எடுத்துக்கொண்டு பின்கதவு வழியாகப் போவான். இரண்டு நிமிஷ வேலை என்பதால் கோட்டு போட மாட்டான். பூட்ஸ் முன்வாசலில் இருக்கும், வீட்டுச் செருப்போடேயே போவான். அட்டையும் தொலைபேசியும் கோட்டுப் பையில், கோட்டு மாட்டியில். கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க இடுக்கில் ஒரு புத்தகத்தை வைப்பான்.

எந்தப் புத்தகம் என்று கேளுங்கள். பழைய பொதுக் கலைக்களஞ்சியத்தின் ஏழாவது தொகுதி. கழித்துவிட்ட புத்தகம்தான், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்ற அலமாரியில் இருந்தது. ஆனால் அதன் முதுகில் இருந்த எண் என் கையெழுத்து. முதல் வருஷம் வேலைக்குச் சேர்ந்தபோது பேனாவால் ஒவ்வொன்றாக எழுதினேன். பனி பட்டு அது பன் மாதிரி ஊதிப்போயிருந்தது. "இத்தனை வருஷத்துல இதுக்கு இப்பதான் ஒரு வேலை கிடைச்சிருக்கு" என்று அவன் சொன்னான். அன்றைக்கும் சிரித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை, அதாவது அந்தக் கதவு சாத்திக்கொண்டதற்கு முந்தின நாள், பத்துப் பன்னிரண்டு பேர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். லெஸ்யாவின் சின்னப் பெண் ஏதோ பாட்டுப் பாடினாள், மற்றவர்கள் கைதட்டினார்கள். நான் பத்திரிகையை இறக்கி, இது படிக்கும் அறை என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். குழந்தை வாயை மூடிக்கொண்டது. உர்ஹோ ஒரு கோப்பையை எடுத்துவந்து என் முன்னால் வைத்தான். பன்னும் வைத்தான்.

"ஹில்க்கா, கோச்சுக்காத. முப்பது வருஷம் இந்த ஊரையே வாய்ப் பொத்தி உக்கார வெச்ச. நாங்க பயந்துகிட்டே பாதிப் பேர் இங்க வரல. இப்பதான் கொஞ்சம் மூச்சு விடுறோம். நீயும் வா, வந்து எங்களோட உக்காரு. யாரும் உன்ன வேணாம்னு சொல்லல."

கேலியாகச் சொல்லவில்லை. கேலியாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. பண்ணை வேலைக்காரர்களில் மூத்தவன் தலையை ஆட்டி, "ஆமாங்க, நெசந்தான்" என்றான். அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. என் வீட்டுக்கு என்னையே விருந்தாளியாகக் கூப்பிட்டார்கள். நான் நன்றி சொல்லி, காப்பியைக் குடித்து, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

இதனால்தான் செய்தேன் என்று நீங்கள் எழுதுவீர்கள். எழுதாதீர்கள். செவ்வாய்க்கிழமை நடந்தது செவ்வாய்க்கிழமையோடு போயிற்று. புதன்கிழமை நடந்தது பதினோராவது விதி தொடர்பானது.

புதன்கிழமை குளிர் திடீரென்று இறங்கியது. பேருந்து கிளம்பவில்லை, யாரும் வரவில்லை. எட்டே முக்காலுக்கு நான் போனபோது உர்ஹோ மட்டும் இருந்தான். "வந்துட்டியா? நீ வருவேன்னு தெரியும். ஊர்ல பைத்தியம் நாம ரெண்டு பேருதான்" என்றான். ஒன்பது மணிக்கு விதை டப்பாவை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனான். திறந்த கதவிடுக்கு வழியாகக் குளிர் தரையோடு ஊர்ந்து என் கணுக்கால் வரை வந்தது. நூலகத்தில் ஹீட்டர் ஓடுவது ஊர்ப் பணத்தில்.

நான் எழுந்து போனேன். கதவிடுக்கில் கிடந்த புத்தகத்தை எடுத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. கதவை நான் சாத்தவில்லை, அது தானாகச் சாத்திக்கொண்டது. சாத்திக்கொள்வதற்காகச் செய்த கதவு அது.

புத்தகத்தைக் கொண்டுவந்து ஹீட்டர் மேல் விரித்துவைத்தேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பத்திரிகையை எடுத்தேன். கதவுச் சத்தம் கேட்டு அவன் திரும்பிப் பார்த்தான். மிச்ச விதையையும் போட்டு முடித்துவிட்டுத்தான் கதவுக்குப் போனான், அவசரப்படவில்லை. தள்ளிப் பார்த்தான். பிறகு ஜன்னலுக்கு வந்து விரல் முட்டியால் தட்டினான். கைப்பிடியைத் திருகுவதுபோலக் காட்டினான். நான் சுவரில் இருந்த தாளில் பதினோராவது விதியைச் சுட்டிக்காட்டினேன். அவனுக்கு அங்கிருந்து எழுத்து தெரிந்திருக்காது, ஆனால் புரிந்துகொண்டான். சிரித்தான். நான் விளையாடுகிறேன் என்று நினைத்தான். முப்பத்தோரு வருஷத்தில் நான் யாரோடும் விளையாடியதில்லை.

அவர் என்ன சொன்னார், காதில் விழுந்ததா என்று கேட்கிறீர்கள். மூன்றடுக்குக் கண்ணாடி அது. சரி, விழுந்தது.

"சரிடி ஆத்தா, நான் தோத்துட்டேன். நாளைலேருந்து பின்கதவும் வேணாம், புத்தகமும் வேணாம், கோட்டு போட்டுட்டு முன்பக்கமா சுத்தி வரேன். இப்ப தொற, காது கழண்டு விழுது."

அவன் அப்போதே தெருவுக்குக் கிளம்பியிருந்தால் பிழைத்திருப்பான் என்று மருத்துவர் சொன்னதாகப் பத்திரிகையில் படித்தேன். உடம்பில் சூடு இருந்தது, பனிச்சுவரை நிதானமாகத் தாண்டியிருக்கலாம். ஏன் கதவடியிலேயே அவ்வளவு நேரம் நின்றான் என்று அவருக்குப் புரியவில்லையாம். செருப்புத் தடம் அங்கேயே சுற்றிச் சுற்றி இருந்ததாம்.

அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன், பிழையோடு விடக் கூடாது. நான் எழுந்து நின்றேன். அவனைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். பின்கதவு இருக்கும் நடைவழிப் பக்கம் நடந்தேன். அவன் கட்டைவிரலைக் காட்டிவிட்டுக் கதவுக்குப் போய் நின்றான். நான் கதவுக்குப் போகவில்லை, வழியில் இருக்கும் சின்னக் காப்பி அறைக்குப் போனேன். அங்கே அவன் காப்பிக் கோப்பைகள் முந்தின நாளிலிருந்து கழுவாமல் கிடந்தன. பன்னிரண்டு கோப்பை. ஒவ்வொன்றாகக் கழுவினேன், துடைத்தேன். அவன் கதவைத் தட்டிக்கொண்டிருந்தான். முதலில் பாட்டுக்குத் தாளம் போடுவதுபோலத் தட்டினான். அப்புறம் என் பெயரைக் கூப்பிட்டான். அதற்கப்புறம் தாளம் இல்லை. கோப்பைகளை உயரப்படி அடுக்காமல் கொக்கியில் மாட்டி முடித்தபோது தட்டுவது நின்றிருந்தது. கேமரா நடைவழியில் கிடையாது. அது எங்கெங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும், இடம் குறித்துக் கொடுத்தவள் நான்.

எவ்வளவு நேரம் என்றால், பதினெட்டு நிமிஷம் இருக்கலாம். நான் திரும்பி வந்து உட்கார்ந்தபோது தீனிப் பெட்டியில் பட்டாணிக்குருவிகள் வந்துவிட்டன. ஆள் பக்கத்தில் இருந்தால் அவை வராது. அப்போது முற்றத்தில் யாரும் இல்லை என்று தெரிந்துகொண்டேன். பத்திரிகையின் உள்ளூர்ப் பக்கத்தைப் படித்தேன். அறை அமைதியாக இருந்தது. அப்படி ஓர் அமைதி அந்த அறையில் மூன்று வருஷமாக இருந்ததில்லை.

பத்து மணிக்கு முன்கதவுக் கண்ணாடியை யாரோ அடித்தார்கள். லெஸ்யா. அன்றைக்குக் குழந்தைகளைக் கூட்டிவரவில்லை. அவள் கையில் ஒரு வீட்டுச் செருப்பு இருந்தது. உர்ஹோ பனிச்சுவரைத் தாண்டி, கட்டட மூலையைச் சுற்றி, முன்வாசலுக்குப் பன்னிரண்டு அடி பாக்கி இருக்கும்போது விழுந்திருக்கிறான். நெஞ்சளவு பனியில் நீந்துகிற மாதிரி வந்திருக்கிறான், இதயம் தாங்கவில்லை. லெஸ்யா தன் கோட்டைக் கழற்றி அவன் மேல் போட்டிருந்தாள்.

"தொறங்க அம்மா, தொறங்க. உர்ஹோ. உர்ஹோ." எங்கள் மொழியில் அவளுக்கு அவ்வளவுதான் வந்தது.

திறந்தேன். அட்டை இல்லாத ஒருவருக்கு நான் கதவு திறந்தது அதுதான் முதல் தடவை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அது விதிமீறல், அதை நான் மறுக்கவில்லை.

ஆம்புலன்ஸ் வந்தது. உங்கள் ஆட்கள் வந்தார்கள். ஒன்றும் பார்க்கவில்லை, காப்பி அறையில் இருந்தேன் என்றேன், அது உண்மை. யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. நான் இன்னும் நூலகர் என்பதுபோலத்தான் கேட்டார்கள், மரியாதையாக. அந்த வாரம் முழுக்க வாசலில் மெழுகுவர்த்தி வைத்தார்கள். நாற்பத்தொன்று எண்ணினேன். நான் ஓய்வு பெற்ற நாளில் வழியனுப்ப வந்தது ஏழு பேர். அந்த எண்ணும் வெறும் தகவல்தான்.

எனக்குத் தூக்கம் போயிற்றா என்று கேட்க நினைக்கிறீர்கள், உங்கள் முகத்தில் தெரிகிறது. போகவில்லை. பத்திரிகையைப் பார்த்த பிறகுதான் போயிற்று. கதவு பழுது, விதிகள் போதாது, விதிகளை எழுதியவர்கள் இதை முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும் என்று ஒருவர் ஆசிரியருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். நான் யோசித்தேன். பதினோராவது விதி வேறெதற்கு. அந்த ஒரு விதியை அவர்கள் வெட்டாமல் இருந்திருந்தால், அவன் அதைப் படித்திருந்தால், அவன் இன்றைக்கு அங்கே உட்கார்ந்து என் மேசையில் காப்பி ஊற்றிக்கொண்டிருப்பான். இந்தச் சாவில் குற்றவாளி யார் என்று பார்த்தால், வெட்டியவர்கள்தான். ஆனால் புத்தகத்தை எடுத்தது நான், எழுந்து தலையை ஆட்டியதும் நான். உர்ஹோ கெம்ப்பைனெனை நான் கொன்றேன் என்று எழுத வேண்டுமென்றால் அப்படியே எழுதுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. காற்று என்று மட்டும் எழுதாதீர்கள்.

கையெழுத்து எங்கே போட வேண்டும். எல்லாப் பக்கத்திலுமா, சரி. இந்தப் பக்கத்தில் கெம்ப்பைனெனில் ஒரு 'ப்' விட்டுப்போயிருக்கிறது, திருத்திவிட்டேன்.

இன்னொன்று. ஊராட்சி அறிவிப்பை நேற்றுப் படித்தேன். ஆள் இல்லாத நேரம் முழுவதும் ரத்து. இனிமேல் நூலகம் திறந்திருக்கும்போதெல்லாம் ஊழியர் ஒருவர் உள்ளே இருந்தே ஆக வேண்டுமாம். சரியான முடிவு, மூன்று வருஷத்துக்கு முன்னாலேயே எடுத்திருக்க வேண்டியது. அதற்கு வெளியூரில் ஆள் தேட வேண்டாம் என்று அவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். எனக்கு வேறு வேலை எதுவும் இல்லை, திங்கட்கிழமையே வந்துவிடுகிறேன்.